தண்டல் என்ற ஒரு சொல்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த பெரியவரைப் பற்றி வீட்டில் யாரும் அதிகம் பேசியதில்லை. நாகூர் வீட்டின் பழைய பத்திரத்தில் அவர் பெயருக்கு முன்னால் "சிங்கப்பூர் தண்டல்" என்று எழுதியிருந்ததே காரணம். தண்டல் என்றால், வட்டிக்குக் கொடுத்து நாள்தோறும் வசூலிப்பது என்றே இன்று நமக்குத் தெரியும். மார்க்கம் விலக்கிய தொழிலைச் செய்தவரோ என்ற ஐயத்தில், வீட்டுப் பாத்திஹாவில் சொல்லும் பெயர்களில்கூட அவரைச் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

பொன்விழா மலருக்காகக் குடும்ப வரலாற்றை எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தப் பத்திரத்தைக் கடைசி வரி வரை படித்தோம். சாட்சிகளில் ஒருவர் "சுக்கானி", மற்றவர் "கலாசி". முன்னவர் சுக்கான் பிடிப்பவர். பின்னவர் கப்பல் ஆள். இருவரும் கடல் தொழிலாளிகள். அந்தத் தொழிலில் தண்டல் என்றால் தோணியின் தலைவர், கப்பல் ஆட்களை வேலை வாங்கும் மேலாள். ஆங்கில ஆவணங்களில் இதே சொல் "டிண்டல்" என்று வரும்.

சிங்கப்பூரின் வரலாறும் இதற்குப் பொருந்துகிறது. அன்று பெரிய கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். அவற்றின் சரக்கை ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கொண்டுவந்த படகுத் தொழில் ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்களின் கையில் இருந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளியும் (1826), தெலுக் ஆயரில் குச்சுப் பள்ளியும் (1827) அவர்கள் தொடங்கியவையே.

நம் வீடுகளில் இப்படிப்பட்ட சொற்கள் இன்னும் இருக்கின்றன. மாலிம் என்பவர் கப்பலுக்கு வழி காட்டியவர். நகுதா கப்பல் தலைவர். செராங்கு கப்பல் ஆட்களின் தலைவர். கிராணி அலுவலக எழுத்தர். முன்ஷி மொழி ஆசிரியர். இடம் மாறினால் பொருளும் மாறும். மலாயாவில் சாலை வேலைக் கூலிகளின் மேலாளையும் தண்டல் என்றே அழைத்தார்கள். ஆகவே சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. எந்த ஊர், எந்தக் காலம், கூடவே யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய பத்திரம் இருந்தால், மூத்தவர்களை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை முழுவதுமாகப் படியுங்கள். இந்த ஆண்டு எங்கள் வீட்டுப் பாத்திஹாவில் முதல் பெயராக அந்தப் பெரியவரின் பெயரைச் சொன்னோம். அல்ஹம்துலில்லாஹ்.