காசாக வந்த புத்தர்

டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் காமகுரா. அங்கே எனோடென் என்ற சின்ன ரயிலுக்கு மாறி, ஹாசே நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் கோத்தோகு-இன் கோயில். வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார் அமிதா புத்தர். பீடம் நீங்கலாக உயரம் சுமார் 11.3 மீட்டர், எடை 121 டன். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்த வெண்கலம் வந்த வழி தெரிந்தால் அவ்வளவு சீக்கிரம் நகர மனம் வராது.

முதலில் இருந்தது மரச்சிலை. ஜோகோ என்ற துறவி திரட்டிய நன்கொடையில் 1243இல் முடிந்தது. 1252இல் வெண்கல வார்ப்பு தொடங்கியது. அன்றைய ஜப்பானில் அரசு காசு அடிக்கவில்லை. சீனாவின் சோங் காலத்துக் காசுகள்தான் கப்பலேறி வந்து கடைவீதியில் புழங்கின. சிலையின் உலோகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈயம். அந்தக் கலவை சீனக் காசோடு ஒத்துப்போவதால், காசுகளை உருக்கியே வார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. எத்தனை கை மாறிய காசோ, கடைசியில் யாரும் செலவழிக்க முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்தது!

சிறு கட்டணம் கொடுத்தால் சிலைக்குள்ளேயே போகலாம். அவசியம் போங்கள். கீழிருந்து மேலாக, அடுக்கடுக்காக வார்த்து இணைத்த தடம் சுவரெங்கும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. மேலே கழுத்தின் உட்புறத்தில் 1960களின் தொடக்கத்தில் கொடுத்த பூச்சு. கனத்த தலையை நிலநடுக்கத்தில் தாங்கிப் பிடிப்பதற்காக அதைச் செய்தார்கள். 1923 நிலநடுக்கத்தில் பீடம் இடிந்த அனுபவம் அப்படி.

சிலைக்கு மேல் ஒரு மண்டபம் இருந்தது. 1334இலும் 1369இலும் புயல் அதைச் சாய்த்தது. 1498 சுனாமிதான் மண்டபத்தைக் கொண்டுபோனது என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். ஆனால் 1486இல் வந்த ஒரு துறவியே, கூரையில்லாமல் புத்தர் வெளியில் இருப்பதாக எழுதிவைத்திருக்கிறார். அப்போதிருந்து மழையும் வெயிலும் உப்புக்காற்றும்தான். உடலெங்கும் ஒட்டியிருந்த தங்கத்தகட்டில் இப்போது கன்னத்தோரம் கொஞ்சம் மிச்சம். மண்டபத் தூண்களைத் தாங்கிய கற்கள் வளாகத்தில் கிடக்கின்றன. களைத்தவர்கள் அவற்றில் உட்காருகிறார்கள்.

வெளியே வரும்போது பக்கத்துப் பிராகாரச் சுவரைப் பாருங்கள். 1.8 மீட்டர் நீளத்தில் ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு தொங்கும். புத்தர் எழுந்து நாடெங்கும் நடந்து மக்களுக்கு நல்லது செய்யட்டும் என்று இபராகி மாகாணத்துச் சிறுவர்கள் 1951இல் முடைந்து அனுப்பியதில் தொடங்கிய வழக்கம். இன்றும் புதுச் செருப்பு வந்துகொண்டிருக்கிறது.