யார் பெயரில் வருகிறது பணம்?

மேலநீலிதநல்லூர் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இங்கே இருப்பதால், பேராசிரியர் ஒருவர் எந்த மாதத்துக் கடைசி நாளில் ஓய்வுபெற்று, மாலை போட்டுக்கொண்டு வீடு திரும்புவார் என்பது ஊருக்குத் தெரியும். சுற்றுப்பட்டியில் மானாவாரிக் காட்டை நம்பியவர்களுக்கு அப்படி ஒரு நாள் நெடுங்காலம் கிடையாது. கை ஓயும்வரை வேலை. ஓய்ந்த பிறகு முறைச்சோறு: மூத்தவன் வீட்டில் ஆறு மாதம், இளையவன் வீட்டில் ஆறு மாதம்.

வயதைச் சொல்லி வேலையை நிறுத்துவது சர்க்கார் பழக்கம். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-இல் முதுமைக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது பணம் பெறும் வயது 70. அது 65 ஆகக் குறைந்தது 1916-இல்தான். அந்தக் காலத்தில் எழுபதைத் தொட்டவர்கள் குறைவு என்பதால் கஜானாவுக்குப் பெரிய கவலை இருந்திருக்காது. இந்தியாவில் மத்திய அரசு 55-ஐ 1962-இல் 58 ஆக்கியது, 1998-இல் 60 ஆக்கியது. தமிழக அரசு ஊழியர்கள் 58-லேயே வெகுகாலம் நின்றார்கள். 2020-இல் 59, அடுத்த ஆண்டே 60.

பென்ஷன்காரர் வீட்டில் முதலில் நடக்கும் விவாதம் கம்யூட்டேஷன் பற்றியது. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். விட்ட பங்கு திரும்பிவர 15 ஆண்டு காத்திருக்க வேண்டும். மகள் கல்யாணமா, திருநெல்வேலியில் ஒரு மனையா, அல்லது மாதாமாதம் முழுப் பணமா? பெரும்பாலும் கல்யாணம்தான் ஜெயிக்கும்.

பென்ஷன் இல்லாத வீடுகளின் கதை வேறு. 1962 ஏப்ரல் 1-இல், காமராசர் முதல்வராக இருந்தபோது, ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் தரும் திட்டம் சென்னை மாநிலத்தில் தொடங்கியது. 1975-இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1981-இல் விவசாயக் கூலிகளுக்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. தொகை ஊர்ந்து ஊர்ந்து 2011-இல் 1,000 ரூபாய் ஆனது, 2023-இல் 1,200. மருந்துக்கே போதாத தொகைதான். ஆனாலும் தபால்காரர் மணியார்டர் பாரத்தை நீட்டி, கிழவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவள் கைநாட்டை வாங்கிக்கொண்டு அவள் கையிலேயே நோட்டை எண்ணிக் கொடுத்தார். கடையில் கடன் சொல்லவும், பேரனுக்கு மிட்டாய் வாங்கித் தரவும், மருமகள் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலை வாங்கவும் அந்தப் பணம் போதும்.

1983-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இந்த முதியவர்களுக்கும் விரிந்தது. அதையொட்டி ஒரு வினோதமான தேர்வும் வந்தது. சத்துணவுக் கூடத்தில் மதியம் சாப்பிடுகிறவருக்கு மாதம் 2 கிலோ இலவச அரிசி. அங்கே சாப்பிடாதவருக்கு 4 கிலோ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தட்டேந்துவதா, அரிசியை வாங்கி மகன் வீட்டு உலையில் போட்டு அங்கே ஓர் இடம் பிடிப்பதா? திட்டம் எழுதிய அதிகாரிக்கு இது வெறும் கிலோக் கணக்காக இருந்திருக்கலாம். தட்டேந்துகிறவருக்கு அது மானக் கணக்கு.

தென்காசிப் பக்கத்துப் பெண்களில் பலருக்கு முதுமைப் பணம் பீடித்தட்டிலிருந்து வந்தது. வருங்கால வைப்பு நிதி 1977-இல் பீடித் தொழிலுக்கு நீட்டிக்கப்பட்டது. வீட்டுத் திண்ணையில் இலை வெட்டிச் சுற்றுகிறவள் எங்கள் தொழிலாளி அல்ல என்று முதலாளிகள் வழக்காடினார்கள். 1985-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கொண்டுவரும் பீடியைப் பார்த்துத் தரமில்லாததைத் தள்ளும் அதிகாரம் முதலாளிக்கு இருக்கும்போது அவள் அவருடைய தொழிலாளிதான் என்றது. 1995-இல் வந்த ஓய்வூதியத் திட்டம் அவளுக்கு 58 என்று ஒரு தேதியைக் குறித்தது. 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். காட்டில் களையெடுத்த அக்காளுக்கு இல்லாத ஓய்வுத் தேதி, திண்ணையில் பீடி சுற்றிய தங்கைக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தை எடுக்கப் போனால் வேறொரு தொல்லை: காலமெல்லாம் இலையும் நூலும் உரசிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும். கைரேகை மிஷின் ஏற்காது. விரலைத் துடைத்து, ஈரப்படுத்தி, அடுத்த விரலை வைத்துப் பார்த்து, கடைசியில் ‘நாளைக்கு வாங்க பாட்டி’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

மாதப் பணத்தைவிடப் பெரிய விஷயம் வீடு. கண் தெரியும்போதே பிள்ளைகளுக்கு எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நிறையப் பேர். பதிவான பிறகு அதைத் தாமாக ரத்து செய்ய முடியாது. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தது: கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போட்டுத் திரும்பப் பெறலாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மகனுக்கு எழுதிய தானப் பத்திரம் ரத்தானதை உறுதிசெய்து, வீட்டை அவரிடமே ஒப்படைக்கச் சொன்னது.

ஆகவே ‘ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை எனக்கு’ என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. இன்னும் சூதானமானவர்கள் உயிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் செலவில்லை; உயிரோடிருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பிள்ளைகள் செட்டில்மென்டே போதும் என்று நச்சரிப்பதும் அதனால்தான்.