கறுப்பு நிழலுருவிலிருந்து உரிந்த வண்ணம் வரை: மாதிரிப் போர்விமானங்களின் மேற்பரப்பு வரலாறு

1942 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரக் கேட்டது. 50 வகைகள், வகைக்கு 10,000. எல்லாம் 1/72 அளவில், முழுக் கறுப்பு நிறத்தில். 35 அடி தூரத்திலிருந்து அந்த மாதிரியைப் பார்ப்பது, அசல் விமானத்தை 2,520 அடியில் பார்ப்பதற்குச் சமம். வருவது எதிரியா நண்பனா என்று உருவத்தை வைத்தே சொல்லப் பீரங்கி வீரர்களைப் பழக்குவது நோக்கம். மேற்பரப்புக்கு அங்கே வேலையே இல்லை. எண்ணெய்க் கசிவு, புகைக்கறை, உரிந்த பெயின்ட் என்று மேற்பரப்பே மாதிரியின் உயிராக மாறியது பிற்காலத்தில். அந்த மாற்றத்தை வழிநடத்தியது வரலாற்றுச் சான்றைவிட வார்ப்புத் தொழில்நுட்பமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1/72 அளவை பிரிட்டனின் ஸ்கைபேர்ட்ஸ் மரக் கிட்டுகள் 1932இல் கொண்டுவந்தன. 1936இல் ஃப்ராக் பெங்குவின் பிளாஸ்டிக் கிட்டுகளும், 1953இல் ஏர்ஃபிக்ஸின் ஸ்பிட்ஃபயரும் வந்தன. திருப்பம் 1970களில். மோனோகிராம் நிறுவனம் தன் 1/48 பி-17ஜி கிட்டோடு, மாதிரிக் கலைஞர் ஷெப்பர்ட் பெய்ன் செய்த காட்சியமைப்பின் படங்களையும் செய்முறையையும் தாளாக அச்சிட்டுக் கொடுத்தது. அடிபட்டு, அழுக்கேறி நிற்கும் விமானத்தைத் தானும் செய்யலாம் என்று கிட் வாங்கிய சிறுவனுக்கும் காட்டிய தாள் அது.

அக்காலக் கிட்டுகளில் தகட்டு இணைப்புக் கோடுகள் புடைத்து நின்றன. பெயின்ட்டைத் துடைத்தெடுத்த உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் அவை எடுப்பாகத் தெரியும். பின்னர் கோடுகள் குழிந்து வரத் தொடங்கியதும், நீர்த்த கருநிறத்தை அவற்றில் ஓடவிடும் ‘வாஷ்’ முறை பரவியது. 1/72இல் 0.2 மி.மீ. பள்ளம் என்பது அசலில் 14.4 மி.மீ. இடைவெளி. அப்படி ஒரு பிளவோடு எந்தப் போர்விமானமும் பறக்கவில்லை. பள்ளம் இருந்ததால்தான் கறுப்பு ஊற்றப்பட்டது. அசலில் கறை இருந்ததால் அல்ல.

இந்த முரண் ஜப்பானிய விமானங்களில்தான் கூர்மையாகத் தெரிகிறது. எந்த ஜப்பானிய விமானமானாலும் பெயின்ட் திட்டுத்திட்டாக உரிந்திருக்க வேண்டும் என்பது மாதிரிக் கலைஞர்களிடையே எழுதாச் சட்டம் போல ஆயிற்று. தரைப்படையின் கி-61 ஹியென் விமானங்களுக்கு அது பொருந்தும். அவற்றில் பல, வெற்று உலோகமாகவே தொழிற்சாலையை விட்டு வெளியேறின. ப்ரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாத அலுமினியத்தின் மேல் பின்னர் அடித்த பச்சை, வெப்பமண்டல வெயிலிலும் மழையிலும் உரிந்தது. கடற்படைக்காக மிட்சுபிஷி கட்டிய ஜீரோவின் கதை வேறு. அதன் மேல்வண்ணத்துக்கு அடியில் செம்பழுப்பு ப்ரைமர் இருந்ததை எஞ்சிய பாகங்கள் காட்டுகின்றன. அங்கே வண்ணம் மங்கலாம், தேயலாம். தேய்ந்த இடத்தில் முதலில் தெரிய வேண்டியது வெள்ளித் தகடல்ல, அந்தச் செம்பழுப்பு. உப்பைத் தூவி மேலே பெயின்ட் அடித்துப் பிறகு உதிர்க்கும் முறை இரண்டுக்கும் ஒரே வெள்ளித் திட்டைத்தான் தருகிறது என்றால், கைத்திறன் வென்று வரலாறு தோற்கிறது என்றே சொல்வேன்.

கறைக்கும் காரணம் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல், நீண்ட பயணத்தில் சிக்கனத்துக்காகக் குறைந்த எரிபொருள் கலவையில் எரியும்போது புகைக்குழாயின் பின்னால் வெளிர்சாம்பல் படிவை விடும். கருங்கரி மட்டும் பூசினால் அந்த நீண்ட பயணம் மறைந்துவிடும். அமெரிக்கக் கோர்சேர் போர்விமானத்தின் விமானி அறைக்கு முன்னால் தெரியும் வெள்ளைப் பட்டைகள், எரிபொருள் தொட்டியின் கசிவை அடைக்கத் தகட்டு இணைப்புகளில் ஒட்டிய நாடாக்கள். சாலமன் தீவுகளில் எடுத்த படங்கள் இவற்றைத் தெளிவாகக் காட்டுகின்றன.

ஆனால் கறுப்பு வெள்ளைப் படமும் ஏமாற்றும். ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருளில் சிவப்பும் மஞ்சளும் கருத்தே பதியும். பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தைச் சுற்றிய மஞ்சள் வளையம்கூட அதில் கருவளையமாகத் தோன்றும். அத்தகைய படத்தில் ஜீரோவின் இறக்கை வேரில் தெரியும் கருந்திட்டு எண்ணெயாகவும் இருக்கலாம், வெளிப்பட்ட செம்பழுப்பு ப்ரைமராகவும் இருக்கலாம். அதை முடிவுசெய்ய, வேறு படச்சுருளில் அதே விமானத்தை எடுத்த இன்னொரு படமோ, மீட்கப்பட்ட தகட்டுத் துண்டோ வேண்டும்.