திருச்சிராப்பள்ளி இசை நாடக மேடை: வசூலும் கலைப் புதுமையும்

திருச்சிராப்பள்ளி இசை நாடக மேடை, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்நகரில் செழித்த, பாட்டை உயிராகக் கொண்ட நாடக மரபாகும். டிக்கெட் வசூலை நம்பிய இம்மேடையில் கூட்டம் சேர்த்ததும் புதுமை படைத்ததும் நடிகரின் குரலே.

பின்னணி

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய பவளக்கொடி, வள்ளி திருமணம், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களின் கதைகள் எல்லோரும் அறிந்தவை. பவளக்கொடியில் அர்ஜுனன் என்ன ஆவான் என்று அறிய யாரும் வரவில்லை. அவன் இன்று எப்படிப் பாடுவான் என்று கேட்கவே வந்தனர்.

ரசிக ரஞ்சன சபா

தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமாக இருந்த திருச்சியில், ரயில்வே அதிகாரி எஃப். ஜி. நடேச ஐயர் ரசிக ரஞ்சன சபாவை நிறுவினார். இச்சபாவில் வேறு தொழில் பார்த்துக்கொண்டு நடித்தவர்களுக்கு அன்றைய வசூல் மறுநாள் சோறு அல்ல. அதனால் புதியவர்களுக்கு வாய்ப்புத் தர முடிந்தது. அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக அறிமுகமான சிறுவனே பின்னாளில் எம். கே. தியாகராஜ பாகவதர் (1910–1959).

மேடை முறை

மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரர் அமர்ந்து பின்பாட்டும் பாடுவார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை எட்டக்கூடிய உச்சக் குரலே நடிகரின் மூலதனம். ‘ஒன்ஸ்மோர்’ முழக்கம் எழுந்தால் காட்சி நிற்கும், பாட்டு மீண்டும் தொடங்கும். நாடகத்தின் கட்டுக்கோப்பு இதனால் தளர்ந்தது உண்மை. ஆனால் திறமையான பாடகர், திரும்பப் பாடும்போது ராகத்தை வேறு வழியில் விரித்து, புதிய சங்கதிகளைச் சேர்த்தார். ரசிகரின் ஆரவாரமே புதுமைக்கு அவகாசம் தந்தது. பதக்கங்களும் பட்டங்களும் அந்தத் திறமைக்கே கிடைத்தன; தியாகராஜரின் ‘பாகவதர்’ என்பதும் அவ்வாறு வந்த பட்டமே.

ஸ்ரீரங்கத்துடன் ஒப்பீடு

காவிரிக்கு அப்பால், அரங்கநாதர் கோயிலின் பகல் பத்து, இராப் பத்து விழாக்களில் அரையர்கள் குல்லாய் அணிந்து, கையில் தாளத்துடன் திவ்யப் பிரபந்தப் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கின்றனர். பரம்பரை உரிமையாக நடைபெறும் இச்சேவைக்கு டிக்கெட்டும் இல்லை, போட்டியும் இல்லை. வழிவழி வந்ததை வழுவாமல் காப்பதே இங்கு கலைத்திறன்.

திரைப்படத்தின் வருகை

மேடையில் புகழ்பெற்றிருந்த பாகவதர், எஸ். டி. சுப்புலட்சுமி ஜோடியைக் கொண்டு கே. சுப்பிரமணியம் 1934இல் பவளக்கொடியைப் படமாக்கினார். பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. ஆனால் ஒருமுறை பதிவான பின் அது மாறவில்லை. ஏறத்தாழ மூன்று நிமிட இசைத்தட்டில் இரவுக்கு இரவு மாறும் விரிவுக்கு இடமும் இல்லை.

மதிப்பீடு

வசூல் கலையைக் கெடுத்தது என்ற பொதுவான தீர்ப்பு இம்மேடைக்குப் பாதியே பொருந்தும். கதையும் காட்சியமைப்பும் பழைய தடத்திலேயே தங்கியதற்கு வசூல் அச்சம் ஒரு காரணம். இசை வளர்ந்ததற்கும் அதே வசூல்தான் காரணம். மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் ஊர்ப் பணத்தில் இலவசமாக நடக்கும், இதே மரபைச் சேர்ந்த ஸ்பெஷல் நாடகங்களிலும், பாத்திரங்கள் பாடியே வாதாடும் தர்க்கப் பாட்டில் அந்த நேரத்தில் பதிலடி கொடுக்கத் தெரிந்த நடிகருக்கே மறு ஆண்டும் அழைப்பு வருகிறது.