வீல் ஸ்டட்டும் நட்டும்

காரில் வீல் பொருந்தும் ஹப்பில் பின்பக்கத்திலிருந்து அழுத்தி ஏற்றப்பட்டு, வெளிப்பக்கம் மரையோடு நீட்டிக்கொண்டிருக்கும் எஃகுத் தண்டே வீல் ஸ்டட். வீலை அதில் மாட்டி நட்டால் முடுக்குகிறார்கள். ஜப்பானிய, கொரிய, அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் இந்த முறைதான். ஃபோக்ஸ்வாகன் போன்ற ஜெர்மன் கார்களில் ஸ்டட் கிடையாது. போல்ட்டை நேராக ஹப்பின் துளையில் முடுக்குவார்கள்.

வண்டியின் பாரம் ஸ்டட்டின் மேல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் நட்டை முடுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபடுகிறது. அது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் விசைதான் வீலை ஹப்போடு அழுத்துகிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால் ஒரு நட்டுக்குச் சுமார் 4 டன் அழுத்தம் கிடைக்கும். பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குவது அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வு. நட்டு தளர்ந்தால் வீல் ஹப்பின் மேல் அசையத் தொடங்கும்; ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்டட் வளைந்து நிமிர்ந்து, கடைசியில் முறியும். ஏர் கன்னால் அளவு மீறி முடுக்கினாலும் அதே கதிதான்: இழுபட்ட ஸ்டட் மீண்டு வராது.

கடையில் அலாய் வீல் வாங்குபவர் டிசைன் பார்ப்பார், விலை பார்ப்பார், நட்டைப் பார்ப்பதில்லை. முதல் சிக்கல் மரையில். மாருதி சுசூகி கார்களின் ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய் ஐ10, ஐ20 கார்களில் தடிமன் அதே 12, இடைவெளி 1.5. ஹூண்டாய் நட்டை மாருதி ஸ்விஃப்டில் கையால் திருகினால் ஓரிரு சுற்று போய்ப் பிடித்துக்கொள்ளும். அங்கே கழற்றிவிட்டால் நஷ்டமில்லை. ஏர் கன்னை வைத்தால் நட்டு, ஸ்டட் இரண்டின் மரையும் போச்சு.

மரையைவிட அதிகம் ஏமாற்றுவது நட்டு உட்காரும் முகம். ஹோண்டாவின் கம்பெனி நட்டுக்கு உருண்டை முகம். டொயோட்டாவின் பல அலாய்களுக்கு வாஷரோடு கூடிய தட்டை முகம். வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு. உருண்டை நட்டு கூம்புக் குழியில் ஒரு மெல்லிய வளையமாக மட்டுமே தொடும்; முடுக்கும்போது இறுகியதாகத் தோன்றி, ஓட்டத்தில் அலுமினியம் நசுங்க, நட்டு தளரும். சோதிப்பது சுலபம். ஒருமுறை முடுக்கிக் கழற்றி, குழியைப் பார்க்க வேண்டும். அகலமான பளபளப்புப் பட்டை தெரிந்தால் பொருத்தம் சரி. நூல்போல ஒரு கோடு தெரிந்தால் நட்டை மாற்ற வேண்டும்.

ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பொது விதி. 1.5 மரையில் அது 8 சுற்று, 1.25 மரையில் ஏறக்குறைய 10. வீலுக்கும் ஹப்புக்கும் இடையே ஸ்பேசர் தட்டு போட்டால் இது குறைந்துபோகும். அப்போது நீள ஸ்டட் தேவை. ஸ்டட் நீளமாகி நட்டு மூடிய வகையாக இருந்தாலோ, நுனி மூடியின் உட்புறத்தில் முட்டி நிற்கும். முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சு ‘கிளிக்’ என்று சொல்லும், வீல் பிடித்திருக்காது.

அலாயின் துளை குறுகலாக இருந்தால் சாதாரண வீல் ஸ்பேனர் நுழையாது. அதற்கென்று பல்வரிசை கொண்ட ஒல்லி நட்டுகள் உண்டு; அவற்றைச் சாவி இல்லாமல் கழற்ற முடியாது. சாவியை ஸ்டெப்னியோடு வைப்பதே நல்லது. (வேல்ஸின் லனெல்லி ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவில் 1904-இல் தொடங்கிய உபரிச் சக்கரத் தொழில் தந்த பெயர் அது.) ஸ்டெப்னி இரும்பு வீலாக இருந்தால் அதற்குரிய பழைய நட்டுகளும் டிக்கியில் இருக்க வேண்டும்.

ஸ்டட்டை மாற்ற டிரம்மையோ காலிப்பரையும் டிஸ்க்கையுமோ கழற்ற வேண்டும். பழைய ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்துத் தள்ளுவது பட்டறை வழக்கம்; அந்த அடி பேரிங்குக்கும் போகிறது. அழுத்திக் கழற்றும் கிளாம்ப் கருவி நல்லது. புதியதைப் பின்னிருந்து நுழைத்து, தலைக்குக் கீழுள்ள பற்களை ஹப்பின் பழைய தடத்தில் பொருத்தி, முன்பக்கம் நான்கைந்து வாஷர்களை அடுக்கி, ஒரு பழைய நட்டைத் திருப்பிப் போட்டு ஸ்பேனரால் இழுக்க வேண்டும். வாஷர்களுக்கிடையில் கிரீஸ் தடவலாம். தலை ஹப்போடு இடைவெளியில்லாமல் ஒட்டும்வரை இழுப்பது முக்கியம். அரைகுறையாக நின்றால் பின்னால் ஓட்டத்தில் உள்ளே நகர்ந்து நட்டைத் தளர்த்தும். பிரேக்கின் பின்தகடு இடித்து, ஹப்பையே கழற்ற நேரும் கார்களும் உண்டு. தளர்ச்சியால் ஒரு ஸ்டட் முறிந்திருந்தால், அதே ஹப்பின் மற்றவையும் வளைந்து களைத்திருக்கும். எல்லாவற்றையும் மாற்றுவதே சரி.

வீல் மாட்டும்போது மரையில் எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது. போட்டால் அதே முறுக்கில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடக்கூடும். நட்டுகளைக் கையால் தொடங்கி, எதிரெதிராக முடுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் கொடுக்க வேண்டும். டொயோட்டா பல கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டா 108 என்று குறிப்பிடுகின்றன. புது அலாயின் குழியிலுள்ள பெயின்ட் முதல் ஓட்டங்களில் நசுங்கும் என்பதால், 100 கி.மீ. அளவில், வீல் ஆறியபின், மறுபடி ரெஞ்சு வைத்துப் பார்க்க வேண்டும்.