ஹாப்ஸ் கடைக் கம்பளிச் சட்டை

தங்கவயலில் வாழ்ந்த நம்மவர் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் துரைமார் விட்டுப்போன பொருள் ஏதாவது ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு வெள்ளைக் கம்பளிச் சட்டை. கிரிக்கெட் ஆட்டத்துக்குப் போடுவது. கழுத்தின் உட்புறம் தைத்திருந்த சிறு துணியில் 'ஜாக் ஹாப்ஸ், லண்டன்' என்று இருந்தது.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றபோது, சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை அதைத் தாத்தாவிடம் கொடுத்தாராம். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளி. பூமிக்கடியில் பாறை அனலாய்க் கொதிக்கும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வேர்வையோடு மேலே வந்தால் மார்கழிக் குளிர் எலும்பைத் துளைக்கும். "சங்கு ஊதினதும் இதுதாண்டா எனக்குக் காப்பி" என்பார்.

சர் ஜாக் ஹாப்ஸ் முதல்தர ஆட்டங்களில் 61,000 ஓட்டங்களுக்கு மேல் எடுத்தவர். லண்டன் ஃபிளீட் தெருவில் விளையாட்டுப் பொருள் கடை நடத்தினார். அவருடைய தந்தை கேம்பிரிட்ஜில் ஆடுகளத்தைப் பராமரித்த ஊழியர். கூலிக்கு ஆடியவர்களுக்கும் கனவான்களுக்கும் அன்று உடை மாற்றும் அறையே வேறு. ஹாப்ஸ் கூலிக்கு ஆடியவர். ஆக, நம் ஊர்த் துரை தோளில் போட்டுத் திரிந்தது ஒரு தொழிலாளி மகனின் பெயரைத்தான்! இது தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது.

1930-இல் ஹாப்ஸ் விஜயநகரம் இளவரசரின் அணியில் ஆட இந்தியாவுக்கு வந்தார். அதே ஆண்டில்தான், கைரேகை பதியச் சொன்ன உத்தரவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே ஒருவர் பெயர் சட்டையில் ஏறிப் பெருமையானது. இங்கே நம்மவர்க்குப் பெயர் போதாது, ரேகையும் வேண்டுமாம்.

2001-இல் சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வீடு மாற்றினோம். அந்த அவசரத்தில் பழைய துணி மூட்டையைப் பாத்திரக்காரியிடம் போட்டு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கினோம். கம்பளிச் சட்டையும் தாத்தாவின் காக்கி உடுப்பும் அதில் போய்விட்டன. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஹாப்ஸைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. அந்தக் காக்கி உடுப்பில் எந்தப் பெயரும் தைத்திருக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு துணி இன்னும் இருந்தால், போட்டவர் பெயரையும் அவர் இறங்கிய சுரங்கத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.