கிறிஸ்மஸ் தீவில் தூண்டில் விளையாட்டு: பயணத் திட்டமிடல்

கடல்நீர்த் தூண்டில் விளையாட்டு என்பது பிழைப்புக்காகவோ சந்தைக்காகவோ அன்றி, கோலும் நரம்பும் கொண்டு மீனை ஏமாற்றிப் பிடிக்கும் திறனுக்காகவே மேற்கொள்ளப்படும் மீன்பிடி வகையாகும்; இதன் விதிகளையும் உலகச் சாதனைப் பட்டியலையும் 1939-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் பேணி வருகிறது. இவ்விளையாட்டுக்காக வெப்பமண்டலக் கடல்களை நாடுவோர் செல்லும் இடங்களுள் பசிபிக் பெருங்கடலின் நடுவே, கிரிபாட்டி நாட்டுக்கு உரிய கிறிஸ்மஸ் தீவு தனித்துக் குறிப்பிடத்தக்கது. அங்குச் செல்வதற்கான வானூர்திகள் மிகக் குறைவு என்பதாலும், மீன் கிடைப்பதும் கிடைக்காததும் நிலவையும் ஓதத்தையும் சார்ந்திருப்பதாலும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்படுபவருக்கு இத்தீவு இடம் தருவதில்லை.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு பாகை தொலைவில், ஹவாயின் ஹொனலுலுவுக்குத் தெற்கே 2,000 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் அமைந்துள்ள இது, பவள வளையத் தீவுகளுள் நிலப்பரப்பில் உலகிலேயே மிகப் பெரியதாகும். சுமார் 388 சதுர கிலோமீட்டர் கொண்ட இதன் நிலம் கிரிபாட்டி நாட்டின் மொத்த நிலத்தில் ஏறக்குறைய பாதி. ஜேம்ஸ் குக் 1777-ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று இங்கு வந்தடைந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. 1957-58-இல் பிரிட்டனும் 1962-இல் அமெரிக்காவும் இத்தீவையொட்டி அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்கு உரிய மற்றொரு கிறிஸ்மஸ் தீவும் இருப்பதால், பயணச்சீட்டிலும் பெட்டிகளின் ஒட்டுச்சீட்டிலும் வானூர்தி நிலையக் குறியீடு 'சிஎக்ஸ்ஐ' என்று இருக்கிறதா எனச் சரிபார்ப்பது முதற்கடமை. 'எக்ஸ்சிஎச்' என்பது மற்றதன் குறியீடு.

தீவின் நடுவே பரந்து கிடக்கும் கடற்கழியும் அதனுள் எண்ணற்றுப் பிரிந்து ஓடும் மணல் மேடுகளும் வாய்க்கால்களுமே இவ்விடத்தின் சிறப்பு. முழங்காலளவு நீர் நிற்கும் இம்மணற்பரப்புகளில் ஓதம் ஏறும்போது நண்டையும் இறாலையும் புழுவையும் தேடி மேயவரும் போன்ஃபிஷ் என்னும் மீனே பெரும்பாலான பயணிகளின் இலக்காகும். உள்ளூரார் 'இகாரி' என்றழைக்கும் இம்மீன் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டரை கிலோ எடையுள்ளது. அதன் வெள்ளிச் செதில்கள் சூழ்ந்த மணலின் நிறத்தையே எதிரொளிப்பதால், மீனைவிட அதன் நிழலே முதலில் கண்ணில் படும். தூண்டிலில் சிக்கியதும் நூறு மீட்டர் நரம்பை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓடும் வேகமே இதன் புகழுக்குக் காரணம். உண்பதற்கு நுண்முட்கள் மிகுந்த மீன் என்றாலும் உள்ளூர் மக்கள் அதனை உணவாகக் கொள்கின்றனர்.

பயணத் தேதியைக் குறிக்கும்போது பலரும் தம் விடுப்பு நாட்களிலிருந்து தொடங்குகின்றனர். முறையோ நிலவிலிருந்து தொடங்குவதுதான். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் மிகும் நாட்களைப் பெருவோதம் என்றும், இடைப்பட்ட எட்டாம் பிறை நாட்களில் அது குறைவதைச் சிற்றோதம் என்றும் கூறுவர். பெருவோத நாட்களில் மணற்பரப்பு நன்றாக வற்றி மீண்டும் நிரம்புவதால், உள்ளே வரும் நீரோடு மீனும் வரும் வழியை முன்கூட்டியே கணிக்க முடிகிறது. உச்சநீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதோடு, ஓரிடத்தில் பெருவோத நாட்களின் உச்சநீர் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில் வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பயணி வாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நாளின் எந்த வேளையில் நீர் ஏறும் என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார் என்பது விளங்கும். கடற்கழியின் உட்பகுதிகளுக்கு ஓதம் வாயிற்பகுதியைவிடத் தாமதமாகவே சென்று சேர்வதால், அனுபவமுள்ள வழிகாட்டி ஒரே நாளில் ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி ஏறுநீரைத் தொடர முடியும். பௌர்ணமிக்கு முந்தைய நாட்கள் தனிக் கவனத்துக்குரியவை: இனப்பெருக்கத்துக்காக ஆழ்கடலை நோக்கிச் செல்லும் பெரிய போன்ஃபிஷ்கள் அப்போது கடற்கழியின் வாயிலை ஒட்டிய பகுதிகளில் கூட்டமாகத் திரள்கின்றன.

நிலவுக்கு அடுத்து வெளிச்சம். நீரில் நின்று மீனைக் கண்ணால் கண்ட பின்னரே தூண்டிலை எறியும் முறை இங்குக் கையாளப்படுவதால், மேகம் சூழ்ந்த நாளில் நிறைய மீன் இருந்தும் பயனில்லை. தீவு பொதுவாக வறண்டது. மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டி மழை சற்றே கூடும். ஆனால் பசிபிக்கின் நடுப்பகுதி நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இந்தக் கணக்கு முற்றிலும் குலைந்து, வறண்ட தீவில் மாதக்கணக்கில் மழை கொட்டும். 2015-16 எல் நினோவின் வெப்பம் தீவைச் சூழ்ந்த பவளப்பாறைகளில் பெரும்பகுதியை அழித்தது. எனவே ஓராண்டுக்கு முன்பே இடம் பதிவு செய்பவர், வானிலை நிறுவனங்கள் வெளியிடும் எல் நினோ முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது அறிவுடைமை.

ஃபிஜி ஏர்வேஸ் நிறுவனத்தின் வானூர்தி, ஃபிஜியின் நாண்டி நகரையும் கிறிஸ்மஸ் தீவையும் ஹொனலுலுவையும் வழக்கமாக வாரம் ஒருமுறை இணைக்கிறது. இதன் விளைவாகப் பயணத்தின் நீளம் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் என்றே அமைய வேண்டியிருக்கிறது. இணைப்பு வானூர்தியைத் தவறவிட்டவருக்கு அப்பயணமே இல்லாமல் போகும் என்பதால், நாண்டியிலோ ஹொனலுலுவிலோ ஓரிரவு தங்கும்படி இடைவெளி விடுவது தேவையற்ற செலவாகாது. தமிழகத்திலிருந்து செல்வோருக்குச் சிங்கப்பூர், நாண்டி வழி ஏற்றது. நாண்டியில் ஓரிரவு தங்குவோர், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தென்னிந்தியரின் வழித்தோன்றல்கள் பேணிவரும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலைக் காணலாம். நாள்கோடு பற்றியும் எச்சரிக்கை வேண்டும். கிரிபாட்டி தன் கிழக்குத் தீவுகளை 1995 தொடக்கத்தில் நாள்கோட்டின் மேற்குப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டதால், ஹொனலுலுவிலும் இத்தீவிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டினாலும் தேதி ஒருநாள் வேறுபடும். இதைக் கவனியாமல் தங்குமிடம் பதிவு செய்வோர் ஓரிரவு வாடகையை வீணாக இழக்கின்றனர்.

கருவிகளைப் பொறுத்தவரை, கடையில் விற்பதை எல்லாம் வாங்கும் ஆவலை அடக்குவதே பாதித் திட்டமிடல். போன்ஃபிஷுக்குப் பயன்படுவது ஃப்ளை தூண்டில் எனப்படும் முறை: இறகும் மயிரும் நூலும் கொண்டு கட்டப்பட்ட, ஏறத்தாழ எடையற்ற பொய்யிரையை, கனமான நரம்பின் எடையைக் கொண்டே தொலைவுக்கு வீசுவது. கோலின் வலிமையை எண்ணால் குறிப்பர். போன்ஃபிஷுக்கு எட்டாம் எண் கோலும், பெரும்பாரை என்னும் பெருமீனுக்குப் பன்னிரண்டாம் எண் கோலும் வழக்கம். குளிர்நாடுகளுக்கான நரம்பு இங்குள்ள வெயிலில் இளகித் துவண்டு வளையங்களில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், வெப்பநாட்டு நீருக்கெனச் செய்யப்பட்ட நரம்பு கட்டாயம். கோல் நான்கு துண்டுகளாகப் பிரிவதாக இருந்தால் கைப்பெட்டியில் வைக்கும் வாய்ப்பு உண்டு. தீவில் மாற்றுக் கருவி வாங்குவதற்குக் கடையை நம்ப முடியாது. கோலொன்று முறியும் என்று வைத்துக்கொண்டே மாற்றுக்கோல் எடுத்துச் செல்ல வேண்டும். நீர்ப்பரப்பின் எதிரொளிக் கூச்சத்தை நீக்கும் போலராய்டு கண்ணாடி இல்லாதவர் மீனைக் காணவே மாட்டார். பறந்து வரும் தூண்டில் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பதும் அதுவே.

பெரும்பாரை, தமிழகக் கடற்கரையில் பாரை என வழங்கும் இனத்தின் பேருருவம். உலகச் சாதனையாகப் பதிவான மீன் 2006-இல் ஜப்பானில் பிடிபட்டது, அதன் எடை 72 கிலோவுக்கும் மேல். போன்ஃபிஷைத் தேடி நடப்பவருக்கு இது எதிர்பாராமல் விளிம்பு நீரில் தோன்றும் என்பதால், இரண்டாம் கோலை வழிகாட்டி ஆயத்தமாகத் தூக்கிக்கொண்டு வருவார். சிறுபவளத்தின் மீது நரம்பு உரசினால் அறுந்துவிடும். எனவே முனையில் தங்கூசி எனப்படும் நைலான் இழையைத் தடித்ததாகத் தேர்ந்து கட்டுவர். மீனை ஓடவிடாமல் தொடக்கத்திலேயே முழு வலுவுடன் தடுத்து நிறுத்துவதைத் தவிர வேறு உத்தி இல்லை. வெளிக்கடலில் சூரையும், வஞ்சிரத்தின் உறவினமான வாகூவும் கிடைக்கும்; அதற்குத் தனிப்படகும் தனிக் கட்டணமும் உண்டு.

பிடித்த மீனை உயிருடன் விடுவதே இங்குள்ள சுற்றுலா மீன்பிடியின் நடைமுறை. முள்ளின் எதிர்க்கொளுவியை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனின் வாயிலிருந்து எளிதில் கழலும். பயணியின் விரலில் ஏறினாலும் அவ்வாறே கழலும். போன்ஃபிஷை நீருக்கு வெளியே நீண்டநேரம் பிடித்து நிழற்படம் எடுத்தபின் விட்டால், களைத்த அம்மீன் சமநிலை இழந்து சுறாவுக்கு இரையாகும் வாய்ப்பு கூடுகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. கடற்பறவைகள் பெருந்திரளாகக் கூடு கட்டும் சில திட்டுகள் தடைசெய்யப்பட்ட காப்பிடங்களாக இருப்பதால், வழிகாட்டியின்றி எங்கும் கால் வைக்கலாகாது.

மீனை உண்பதில் வேறோர் ஆபத்து உண்டு. பவளப்பாறை சார்ந்த நுண்பாசிகளில் உருவாகும் நஞ்சு, சிறுமீன் வழியாகப் பெருமீனில் சேர்ந்து, உண்பவருக்குச் சிகுவாடெரா என்னும் நோயை உண்டாக்குகிறது. குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவதுபோல் உணர்வது இதன் அறிகுறி. சமைத்தாலும் உறையவைத்தாலும் இந்நஞ்சு அழியாது, சுவையிலும் தெரியாது. எனவே பெரிய பாறைமீன்களைத் தவிர்ப்பதும், உண்ணத்தக்கது எது என உள்ளூராரைக் கேட்பதும் தவிர வழியில்லை. பவளக்கீறல் வெப்பநீரில் விரைவில் சீழ்ப்பிடிக்கும். தீவில் மருத்துவ வசதி எளிமையானது, வானூர்தியோ வாரத்துக்கு ஒன்று. ஆகவே அவசர மருத்துவ வெளியேற்றத்தை உள்ளடக்கிய காப்பீடு இல்லாமல் புறப்படுவதை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. பணம் ஆஸ்திரேலிய டாலரில் புழங்குகிறது. வங்கி அட்டையை நம்பாமல், வழிகாட்டிக்கான அன்பளிப்பு உட்பட அனைத்துக்கும் போதிய ரொக்கத்தைச் சிறு தாள்களாக எடுத்துச் செல்வது நல்லது.